வேர்ப்பிடிப்பு விழுக்காடு சொல்லாதது

சிலி நாட்டின் ரேடியேட்டா பைன் நாற்றங்கால்களில் 2001-ல் ஒரு பூசணம் கண்டுபிடிக்கப்பட்டது. ஃபியூசேரியம் சிர்சினேட்டம் என்று பெயர். பைன் மரத்தின் தண்டிலும் கிளையிலும் புண்ணை உண்டாக்கி, பிசினை ஒழுகவிட்டு, நுனியைக் காயவைக்கும் பிசின் சொறி நோய்க்கு இதுதான் காரணம். அந்த நாட்டின் வளர்ந்த காடுகளில் அப்போது நோய் தென்படவில்லை. நாற்றங்காலில்தான் இருந்தது. விதை நாற்றுகளிலும், குச்சி வெட்டுவதற்கென்றே வரிசை வரிசையாக வளர்த்திருந்த தாய்ச்செடிகளிலும் இருந்தது.

ஊசியிலை மரங்களைக் குச்சி வைத்துப் பெருக்கும் தொழிலில் எல்லாம் அந்தத் தாய்ச்செடியிலிருந்துதான் புறப்படுகிறது. நல்ல குணம் ஒன்று அதில் இருந்தால் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் அது வந்து சேரும். நோயோ முதுமையோ பெயர்க் குழப்பமோ இருந்தால் அதுவும் அதே எண்ணிக்கையில் வந்து சேரும். ஆனால் நாற்றங்கால்கள் தம் வேலையை அளப்பது பெரும்பாலும் இரண்டு எண்களால்: ஒரு தாய்ச்செடியிலிருந்து எத்தனை குச்சி கிடைத்தது, நூறு குச்சியில் எத்தனை வேர் பிடித்தது. இந்த இரண்டு எண்களும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே, நடப்போகும் காட்டின் தரம் இறங்கிக்கொண்டிருக்க முடியும். மகசூலை உயர்த்தச் செய்யும் வேலைகளில் சிலவே தரத்தை இறக்குகின்றன என்பதுதான் கவலைக்குரியது.

குச்சி நாற்று ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ரேடியேட்டா பைனின் சொந்த ஊர் கலிபோர்னியக் கடற்கரையில் மூன்று இடங்களும், மெக்சிகோவுக்குச் சொந்தமான குவாதலூப்பே, செட்ரோஸ் என்ற இரண்டு தீவுகளும்தான். எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரம் ஹெக்டேர். அங்கிருந்து கொண்டுபோன விதையால் உலகெங்கும் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தோட்டக்காடுகள் எழுந்துள்ளன. நியூசிலாந்தின் தோட்டக்காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே மரம். சிலியிலும் ஆஸ்திரேலியாவிலும் லட்சக்கணக்கான ஹெக்டேர் உண்டு.

நியூசிலாந்தின் ரொட்டொருவா நகரில் 1950-களில் இந்த மரத்தின் இனவிருத்தி வேலை தொடங்கியது. தோட்டங்களில் நேராகவும் வேகமாகவும் வளர்ந்த மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குள் சிறந்த இரண்டை இணை சேர்த்தார்கள். பெண் கூம்பைப் பையால் மூடி, வேண்டிய மரத்தின் மகரந்தத்தை உள்ளே ஊதி, கூம்பு முற்றும் வரை காத்திருக்க வேண்டும். ரேடியேட்டாவில் அதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். இப்படிக் கிடைக்கும் விதை கொஞ்சம், விலையும் அதிகம். நேராக விதைத்துக் காடு வளர்க்கக் கட்டுப்படியாகாது. ஆகவே அந்த விதையை முளைக்கவைத்து, செடியின் தலையைக் கிள்ளி, முழங்காலுக்கும் கீழே புதராக நிறுத்தி, அது விடுகிற துளிர்களை நறுக்கி வேர்விடச் செய்கிறார்கள். நறுக்க நறுக்கப் புதிய துளிர் வரும். ஒரே விதையிலிருந்து நூற்றுக்கணக்கான நாற்று எடுக்கலாம்.

நியூசிலாந்தில் இந்த வேலை குளிர்காலத்தில் நடக்கிறது. விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான நுனித்துளிரைத் திறந்தவெளிப் பாத்தியில் அப்படியே செருகுகிறார்கள். வேர் ஊக்கி மருந்துகூடப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அடுத்த குளிர்காலத்தில் வேரோடு பிடுங்கிக் காட்டுக்கு அனுப்புவார்கள். எளிமையான, நல்ல தொழில்நுட்பம் இது. ஜப்பானின் கியூஷு தீவில் சூகி மரத்தைக் குச்சி வைத்துக் காடாக்கும் பழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. எனவே குச்சி நாற்றே தவறு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பொறுமையாகச் செய்தவர்களிடம் அது நன்றாகவே நடந்திருக்கிறது. அவசரமாகப் பெருக்கும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் ஆபத்து வயது. முருங்கைப் போத்தை நட்டுப் பழகிய நமக்கு, கிளை எந்த மரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பது பெரிய கேள்வியாகத் தோன்றாது. ஊசியிலை மரங்களில் அது பெரிய கேள்வி. நம் ஊர் வீட்டு முற்றங்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கிறார்களே, அந்த நார்ஃபோக் தீவு அரக்கேரியாவின் பக்கக்கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும், உயிரோடும் இருக்கும். ஆனால் நிமிராது. தன்னைப் பக்கக்கிளையாகவே நினைத்துக்கொண்டு தரையோடு படர்ந்துகொண்டே போகும். உச்சித்துளிரை நட்டால்தான் அது மரமாகும். எந்த இடத்திலிருந்து வந்தோம் என்ற நினைவைத் திசு இழப்பதில்லை.

வயதும் அப்படித்தான். ஓர் இருபது வயது பைனின் நுனியை வெட்டி வேர்விடச் செய்தால் கிடைப்பது குழந்தைச் செடி அல்ல; உயரம் குறைந்த இருபது வயது மரம். முதலில் வேர்ப்பிடிப்பு குறையும். வேர் பிடித்தவையும் விதை நாற்றைவிட மெதுவாகப் பருக்கும். ரேடியேட்டாவில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. மூன்று வயதுத் தாயின் குச்சி ஏறத்தாழ விதை நாற்றுக்கு நிகராக வளர்கிறது. தண்டு இன்னும் நேராகவும் இருக்கிறது, காற்றில் சாய்வதும் குறைகிறது. கொஞ்சம் முதிர்ச்சி நல்லதே. ஐந்தாறு வயதைத் தாண்டினால் அடிமரம் பருப்பதில் இழப்பு தொடங்குகிறது. நாற்றங்காலில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. முதிர்ந்த தாயின் குச்சி பாத்தியில் பச்சையாகத்தான் நிற்கும். காட்டில் ஆண்டுகள் கழித்து விட்டத்தை அளக்கும்போதுதான் கணக்கு வெளியே வரும். அதற்குள் அந்தத் தாயிலிருந்து எத்தனை ஹெக்டேர் நட்டாகிவிட்டதோ!

தாய்ச்செடியைக் குட்டையாகவே கத்தரித்து வைத்தால் முதுமை தள்ளிப்போகும் என்று ரேடியேட்டாவில் காட்டியவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய வில்லியம் லிப்பி. ஜெர்மனியின் லோயர் சாக்சனியில் நார்வே ஸ்புரூஸுக்கு வேறு வழியைக் கையாண்டார்கள். 1960-களின் இறுதியில் யோகன் கிளைன்ஷ்மிட் தலைமையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், குச்சியிலிருந்து வந்த செடியையே சில ஆண்டுகளில் மறுபடி குச்சியாக வெட்டி, அதிலிருந்து மறுபடியும் வெட்டி, தலைமுறை தலைமுறையாக இளமையைப் பிடித்து வைக்க முயன்றார்கள். 1985-ல் வெளியான ஆய்வு சொன்னது: முதுமை தள்ளிப்போகிறது, நின்றுவிடவில்லை. கத்தரித்தலும் மறுபடி நடுதலும் அவகாசம் வாங்கித் தருகின்றன, அவ்வளவுதான். அந்த அவகாசத்தை நிரந்தரம் என்று எண்ணி, நன்றாகக் குச்சி தருகிறது என்பதற்காகப் பழைய தாய்ப்பாத்தியை இன்னும் இரண்டு பருவம் வைத்திருப்பது, காட்டின் வளர்ச்சியிலிருந்து கடன் வாங்குவதற்குச் சமம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு குளோன், அதாவது ஒரே விதையிலிருந்து குச்சி வழியே பெருகிய ஒரே மரபுள்ள செடிகள், நல்லதா என்று காட்டில் நட்டுச் சோதிக்க எட்டு ஆண்டாவது வேண்டும். முடிவு கைக்கு வரும்போது தாய்ச்செடிக்கும் அத்தனை வயதாகியிருக்கும். எது சிறந்தது என்று தெரியவரும் நாளில் அதைப் பெருக்கும் தகுதியை அது இழந்துகொண்டிருக்கும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கருத்திசு வளர்ப்பு வந்தது. விதைக் கருவிலிருந்து எடுத்த திசுவைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்துவிட்டு, அதன் ஒரு பங்கைக் காட்டில் சோதிக்கலாம். வென்ற குளோனை மட்டும் பிறகு உருக்கி எடுக்கலாம். ஊசியிலை மரங்களில் 1985-ல் ஸ்புரூஸில் முதன்முதலாகக் கைகூடிய முறை இது. செலவு பிடிக்கும், எல்லா விதைக் கருவும் ஒத்துழைக்காது. அந்த வசதி இல்லாத நாற்றங்கால், சோதிக்காத குளோனைப் பெருக்குவதா, சோதித்து முதிர்ந்ததைப் பெருக்குவதா என்ற இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே தனிக் குளோனைத் தேடுவதைவிட, நல்ல பெற்றோரின் பல பிள்ளைகளைக் கலந்து இளமையிலேயே பெருக்கிவிட்டு, தாய்ப்பாத்தியைக் குறித்த காலத்தில் அழித்துப் புது விதை போடுவதே பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படிக் கலந்து பெருக்கும்போதும் ஒரு கசிவு உண்டு. அதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஒரு பாத்தியில் 20 குளோன்கள் சம அளவில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு மட்டும் நூற்றுக்கு 90 வேர் பிடிக்கும் வகை, மற்ற பதினாறும் நூற்றுக்கு 45. எல்லாவற்றிலிருந்தும் ஒரே அளவு குச்சி வெட்டி, வேர் பிடித்தவற்றைக் கணக்கில்லாமல் கலந்தால், ஐந்தில் ஒரு பங்காக இருந்த அந்த நான்கும் முதல் சுற்றிலேயே மூன்றில் ஒரு பங்காகிவிடும். வேர் பிடித்தவற்றையே அடுத்த தாய்ச்செடிகளாக வைத்து இன்னொரு சுற்று வெட்டினால் சரிபாதி. மூன்றாவது சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு. பதிவேட்டில் 20 குளோன் என்றே எழுதியிருக்கும். காட்டில் நிற்பது பெரும்பாலும் நான்கு.

அந்த நான்கும் நன்றாக வளர்ந்ததாலோ நோயைத் தாங்கியதாலோ தேர்வாகவில்லை. பாத்தியில் எளிதாக வேர் விட்டதால் தேர்வானவை. வேர்விடும் திறனும் மரத்தின் தரமும் ஒன்றல்ல. அந்தச் சுற்றுகளில் மொத்த வேர்ப்பிடிப்பு விழுக்காடும் ஏறிக்கொண்டே போகும் என்பதையும் கவனிக்க வேண்டும்: முதலில் 54, அடுத்து 60, அதற்கடுத்து 67.5. நாற்றங்காலின் ஆண்டறிக்கையில் இது முன்னேற்றமாகத்தான் பதிவாகும். மரபு வளம் கரைவதையே வெற்றியாக எழுதும் நிலை இது. தடுப்பது கடினமும் இல்லை. குளோன்வாரியாக, குடும்பவாரியாகத் தனித்தனிப் பாத்தி, தனித்தனி எண்ணிக்கை, அனுப்பும்போது சம அளவில் கலப்பு. சோம்பல் படாத கையும் பிழையில்லாத பெயர்ச்சீட்டும் இருந்தால் போதும்.

பெயர்ச்சீட்டைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. விதையில் ஒரு மூட்டை மாறினால் பாதிப்பு அந்த மூட்டையோடு முடியும். தாய்ச்செடியில் ஒரு வரிசை பெயர் மாறினால், அது இருக்கும் ஆண்டெல்லாம் அந்தத் தவறு அச்சடித்ததுபோல் வெளியே போகும். டிஎன்ஏ அடையாளம் பார்க்கும் வசதி வந்த பிறகு, பழைய குளோன் தொகுப்புகளைச் சோதித்த இடங்களில் பெயரும் மரமும் பொருந்தாதவை கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இதைவிடக் கண்ணுக்கு மறைவான ஒரு பிழையும் உண்டு. நல்ல உரமும் வெயிலும் பெற்ற தாயின் குச்சி, நட்ட பிறகும் சில காலம் அந்த ஊட்டத்தின் வலுவில் முந்தி ஓடும். நிழலில் நின்ற தாயின் குச்சி பின்தங்கும். இரண்டும் வேறு வேறு குளோனாக இருந்தால், தாய் வாழ்ந்த வாழ்வின் வித்தியாசத்தை நாம் மரபின் வித்தியாசம் என்று படித்துவிடுவோம். ஒரே தாயிலிருந்து எடுத்த குச்சிகளை மட்டும் நட்டு ஒரு குளோனை மதிப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

இனி நோய். பிசின் சொறி நோயின் கொடுமை, அது ஒளிந்திருக்கும் பூசணம் என்பது. வெளியே எந்த அறிகுறியும் காட்டாத நாற்றின் வேரிலும் தண்டிலும் அது தங்கியிருக்க முடியும். தென்னாப்பிரிக்காவின் இம்புமலாங்கா பகுதியில், நோட்வானாவில் உள்ள ஒரு நாற்றங்காலில் 1990-ல் பட்டுலா பைன் நாற்றுகளில் அது தென்பட்டது. அடுத்த ஆண்டுகளில் நாட்டின் பல நாற்றங்கால்களுக்குப் பரவியது. நல்ல நாற்று என்று நம்பி நட்டவை காட்டில் முதல் ஆண்டிலேயே காய்ந்து விழுந்தன. வளர்ந்த மரங்களில் நோய் அங்கே தெரியவந்தது 2005-ல், கேப் டவுன் அருகே டோக்காயில், ரேடியேட்டா பைனில். இதற்கு விடையாகத்தான் பட்டுலாவோடு நோயைத் தாங்கும் டெக்குனுமானி பைனை இணைத்த கலப்பினத்தை அங்கே நடத் தொடங்கினார்கள். கலப்பின விதை அரிது என்பதால் அதையும் குச்சி வைத்தே பெருக்குகிறார்கள். நோய்க்கு மருந்தாக வந்த இனமும் தாய்ப்பாத்தி வழியாகத்தான் காட்டை அடைகிறது. ஆகவே அந்தப் பாத்தியின் சுத்தம் இரட்டை முக்கியம் பெறுகிறது.

ஒரு குச்சியை வெட்டினால் தாயில் ஒரு புண், குச்சியில் ஒரு புண். ஒரு பருவத்தில் ஒரு செடிக்குப் பத்துப் பதினைந்து முறை கத்தரி படுகிறது. அதே கத்தரி அடுத்த செடிக்குப் போகிறது. வேர் பிடிக்கும் வரை குச்சிக்கு ஈரப்பதம் வேண்டும். மேலிருந்து நீரைத் தூவுகிறோம். அந்தத் துளிகள் பூசண வித்துகளை ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குத் தெறிக்கவிடுகின்றன. குச்சிக்கு இதமான சூழல் எதுவோ அதுவே பூசணத்துக்கும் இதம். மகசூலைக் கூட்ட, வெட்டும் முறைகளைக் கூட்டினால் புண்களும் கூடுகின்றன. கத்தரியைச் செடிக்குச் செடி கிருமிநீக்கம் செய்யச் சொன்னால் வேலையின் வேகம் பாதியாகக் குறையும் என்பது உண்மை. வரிசைக்கு வரிசையாவது செய்தே ஆக வேண்டும்.

2003-ல் நியூசிலாந்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. இனவிருத்திக்காகக் கலிபோர்னியாவிலிருந்து வரவழைத்த டக்ளஸ் ஃபிர் ஒட்டுக்குச்சிகளில், தனிமைப்படுத்தி வைத்திருந்த இடத்திலேயே இந்தப் பூசணம் பிடிபட்டது, அழித்துவிட்டார்கள். தோட்டக்காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு ரேடியேட்டாவாக இருக்கும் நாட்டின் வாசலில் அது வந்து நின்றது. மரபை மேம்படுத்த வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த குச்சியில்தான் வந்தது.

ஃபியூசேரியம் தமிழ்நாட்டு விவசாயிக்குப் புதிய பெயரல்ல. ரஸ்தாளி வாழைத் தோட்டங்களை அழித்த வாடல் நோயும் இதே பூசணக் குடும்பத்தின் இன்னொரு இனம்தான். வாழையும் கன்று வழியே, ஒரே மரபு மறுபடி மறுபடி என்றுதான் பெருகுகிறது. கன்றோடு நோயும் போயிற்று, ஒரு கன்று தாங்காததை அதே மரபுள்ள வேறு எந்தக் கன்றும் தாங்கவில்லை. வாழைக்கு ஓராண்டில் மாற்று ரகம் நடலாம். பைனுக்கு வெட்டும் வயது 25 முதல் 30 ஆண்டு. நட்டபின் திருத்த வழி கிடையாது.

அப்படியானால் ஒரு காட்டில் எத்தனை குளோன் இருந்தால் பாதுகாப்பு? லிப்பி 1982-ல் இதே கேள்வியைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 7 முதல் 30 வரை என்பது அவர் சேர்ந்த இடம். மேலே சொன்ன கசிவுக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், பதிவேட்டின் 20 அந்த வரம்புக்குள் இருக்கிறது; நிலத்தில் நிற்கும் நான்கு வெளியே போய்விட்டது. ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகள் குளோன் கலவைக்குச் சட்டத்திலேயே வரம்பு வைத்தன. என்னைக் கேட்டால், பதிவேட்டு எண்ணிக்கையைவிட நிற்கும் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு வேண்டும்.

இனி வரப்போகும் நோயை இன்றைக்கே சோதித்துத் தேர்வு செய்ய முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. கென்யாவும் தான்சானியாவும் ரேடியேட்டாவை ஆர்வமாக நட்டுக்கொண்டிருந்தபோது, டோத்திஸ்ட்ரோமா என்ற ஊசிக்கருகல் பூசணம் வந்தது. 1960-களில் அந்த மரத்தை நடுவதையே அங்கே கைவிட நேர்ந்தது. அதே நோய் அந்தப் பத்தாண்டிலேயே நியூசிலாந்துக்கும் வந்தது. விமானத்திலிருந்து தாமிர மருந்தைத் தெளித்தும், தாங்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தும் சமாளித்தார்கள். தாங்கும் குடும்பங்கள் இருந்ததே, அவர்களிடம் பலவகை மரங்கள் இருந்ததால்தான். பிறகு 2008-ல் கிழக்குக் கரையில் ஊசிகள் சிவந்து உதிரத் தொடங்கின. காரணம் ஃபைட்டோஃப்தோரா புளுவியாலிஸ் என்று தெரியவந்தது. அரை நூற்றாண்டு இனவிருத்தியில் யாரும் கணக்கில் எடுத்திராத உயிரி அது.

தரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். நியூசிலாந்து நெடுங்காலம் விதைக்குக் கொடுத்த தரப்புள்ளி வளர்ச்சியையும் வடிவத்தையும் மட்டும் பார்த்தது. ரேடியேட்டாவில் வேகமாகப் பருக்கும் குணமும் மரக்கட்டையின் அடர்த்தியும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பவை. முன்னதை மட்டும் தேர்ந்தால் பின்னது நழுவும். பிறகு அடர்த்தியையும் விறைப்பையும் கணக்கில் சேர்த்தார்கள். அதற்குள் பல லட்சம் மரங்கள் நிலத்தில் இருந்தன. குளோன் இந்தச் சாய்வை இன்னும் கூர்மையாக்கும், ஏனென்றால் விதையில் இருக்கும் சிறு பரவல்கூட அதில் இருக்காது.

இத்தனைக்கும் பின்னால் இருக்கும் காப்பு ஒன்றே: தேர்வுக்கு ஆட்படாத மூல மரங்கள். உலகின் ரேடியேட்டா தோட்டங்களில் பெரும்பாலானவற்றின் வேர் கலிபோர்னியக் கடற்கரையின் இரண்டு இடங்களில் இருக்கிறது. குவாதலூப்பே தீவில் ஆடுகள் கன்றுகளையெல்லாம் மேய்ந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நூறு முதிய மரங்களே எஞ்சின. ஆடுகளை அகற்றிய பிறகு கன்றுகள் எழுகின்றன. கலிபோர்னியாவில் 1986-ல் தென்பட்ட பிசின் சொறி நோயோ இப்போது கரையின் காடுகளிலும் இருக்கிறது. 1978-ல் லிப்பியும் ஆஸ்திரேலியாவின் கென் எல்ட்ரிஜும் ஐந்து இடங்களிலிருந்தும் சேகரித்த விதையை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நட்டு வைத்தார்கள். வணிகக் கணக்கில் இவை இலாபமில்லாத மரங்கள். நிலம் தேவைப்படும்போதெல்லாம் முதலில் கண் படுவதும் இவற்றின் மேல்தான்.

காடு வளர்ப்புக்கு நாற்று வாங்கும் எந்த அரசும் நிறுவனமும், நூறு குச்சிக்கு எத்தனை வேர் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தாய்ச்செடி எந்த ஆண்டு விதையிலிருந்து வந்தது, இது எத்தனையாவது சுற்றுக் குச்சி, இந்தச் சுமையில் எந்தக் குடும்பம் எத்தனை பங்கு, தாய்ப்பாத்தியில் கடைசியாக அறிகுறி இல்லாத செடிகளையும் சேர்த்து நோய்ச் சோதனை செய்த தேதி என்ன, இந்தப் பாத்தியை அழிக்கப்போகும் தேதி என்ன என்ற ஐந்துக்கும் எழுத்தில் விடை வேண்டும். எழுத்தில் தர முடியாத நாற்றங்காலிடம் அந்த ஆண்டு வாங்காமல் விதை நாற்றையே நடலாம். வளர்ச்சியில் சில விழுக்காடு குறையும். அந்த இழப்பை முன்கூட்டியே கணக்கிட முடியும். முதிர்ந்த அல்லது நோயுள்ள தாய்ப்பாத்தியால் வரும் இழப்பை மரம் நின்ற பிறகுதான் கணக்கிட முடியும்.